மறுபடியும் மாவுக்கட்டு

இல்ல டாக்டரம்மா, கட்டுல தண்ணி படல. தண்ணி பட்டா ஊறித்தான போகும், இப்பிடியா ரெண்டாப் பொளக்கும்? வலி இருக்கு, இருந்துட்டுப் போகட்டும். நீங்க வெட்டி எடுங்க, நான் பாட்டுக்குப் பேசிக்கிட்டிருக்கேன்.

போன மாசம் நீங்க சொன்னத சுருளிப்பட்டி பூராச் சொல்லிட்டேன். திராட்சைப் பந்தலுக்கடியில கொடி கட்டுற பொம்பளைகளுக்கெல்லாம் வகுப்பெடுத்தேன்ல. ஆமா, ஒத்தக் கையில என்னத்தக் கட்ட, வாய் வேலதான். ஏத்தா, கர்ப்பப்பைய எடுக்கப் போனா சினைப்பையையும் சேத்துக் குடுத்துட்டு வந்துறாதீக, அதுல ஊறுற ஹார்மோன்தான் எலும்பக் காவக் காக்குதுன்னேன். சிரிக்காதீக. எலும்புக்குள்ள ரத்தம் ஊறுற எடத்துலதான் எலும்பத் திங்கிற செல்லும் பெறக்குதுன்னீகள்ல? ஹார்மோன் இருந்தவரைக்கும் அடங்கிக் கெடந்துச்சு, போனதும் அவுத்து விட்ட மாடாட்டம் மேயுது, ரத்தம் ஊறுறதும் அதோட கொழம்பிப்போச்சுன்னு. வீட்டுக்குள்ளயே இருந்துக்கிட்டு வீட்டத் திங்கிறது. கேட்டதும் எனக்கு வேற நெனப்பு வந்துருச்சு.

எங்க வீட்டுக்காரருதான். எனக்குப் பெரும்பாடு, மாசம் பூரா ரத்தப்போக்கு நிக்கல, திராட்சப் பழவெட்டுக்குப் போக முடியல. சினைப்பையோட எல்லாத்தையும் எடுத்துருங்கன்னு அவுகதான் கையெழுத்துப் போட்டாக. அப்ப எனக்கு இருபத்தொம்பது.

அட, போன தடவையும் நான் வழுக்கி விழுகல. நீங்க கேட்டீக, அப்பிடிச் சொல்லிட்டேன். கையப் பிடிச்சு முறுக்குனாக. கல்யாணமானதுல இருந்து முறுக்குறதுதான். கன்னிப்போகும், வேப்பெண்ணயத் தேச்சுக்கிட்டு வேலைக்குப் போயிருவேன். போன மாசம் மளுக்குன்னுச்சு. அவுக கைதான் கனத்துப்போச்சுன்னு நெனச்சேன். கை அதே கைதான், எலும்புதான் மாறிப்போச்சுன்னு நீங்க எக்ஸ்ரே படத்தக் காட்டுனப்பதான் வெளங்குச்சு. இடுப்புல ஒரு அடி பட்டாப் படுக்கதான்னீக.

அதப் போயி அவுககிட்டயே சொன்னேன் பாருங்க, கூறுகெட்டவ. எங்க பாப்போம்னு பந்தல் கம்ப உருவிட்டாக. பிள்ள மகிமா கதவோரம் நிக்கிது. முன்னன்னா முதுகக் காட்டிக் குனிஞ்சிருப்பேன். இப்பக் காட்ட முதுகு ஏது?

அதான், கட்டுப்போட்ட கையால ஓங்கிப் போட்டேன். நெத்தியில ஒண்ணு, வாயில ஒண்ணு, விழுந்தப்புறம் ஒண்ணு. கட்டு அப்பத்தான் பொளந்துச்சு. கீழ எமர்ஜென்சியில பல்லக் கையில வச்சுக்கிட்டுத் தையலுக்கு உக்காந்திருக்காகளே, கட்டம்போட்ட சட்ட, அவுகதான். தேனி வரைக்கும் பஸ்ஸுல ஒரே சீட்டுலதான் வந்தோம். மாடிப்படியில விழுந்தேன்னு சொல்லியிருப்பாக. எங்களுது ஓட்டு வீடு.

இந்தத் தடவ கட்டக் கொஞ்சம் கனமாவே போடுங்க டாக்டரம்மா. சாயங்காலம் ரெண்டு பேரும் அங்கனதான திரும்பணும்.