நிரஞ்சலாவின் பக்கத்தில் எரியும் விளக்குகள்

அருட்தந்தை அவர்களே, கிழக்கு மக்கள் ஒன்றியத்தின் தலைவர் உதயன் அவர்களே, அஞ்சலிச் செய்திகளை வாசித்து அமர்ந்திருக்கும் செயலாளர் நிருஷா அவர்களே, முன்வரிசையில் இருக்கும் நிரஞ்சலாவின் கணவர் அன்பு அல்பேட், லவாலிலிருந்தும் ரொக்ஸ்பரோவிலிருந்தும் இந்தச் சேற்றுப் பனியில் புறப்பட்டு வந்து ஈரச் சப்பாத்தோடு கூடியிருக்கும் உறவுகளே, எல்லோருக்கும் என் வணக்கம்.

என் பெயர் சிவானந்தம். திருமதி நிரஞ்சலா அல்பேட்டும் நானும் பல வருடங்களாக ஒரே அலுவலகத்தில் அடுத்தடுத்த மேசையில் வேலை செய்தோம். போன செவ்வாய்க்கிழமை அந்த மேசையில் தலை சாய்த்தவர் எழும்பவில்லை. மூளையில் இரத்தக் கசிவு என்றார்கள். நாற்பத்தேழு வயதில் இது என்ன சாவு? இதை எப்படி ஏற்றுக்கொள்வது என்று எனக்குத் தெரியவில்லை. தெரிந்தவன்போல நடிக்கவும் விருப்பமில்லை.

தொடர்ந்து பேசுவதற்கு முன் ஒரு வேண்டுகோள். ஒன்றியத்தின் இணையத்தளத்தில் நிரஞ்சலாவுக்கென்று ஓர் அஞ்சலிப் பக்கம் திறந்திருக்கிறார்கள். உங்களில் சிலர் இப்போதும் அதைக் கைத்தொலைபேசியில் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். தயவுசெய்து மூடிவிடுங்கள். கோபத்தில் சொல்லவில்லை. கோபமும் இருக்கிறதுதான், அதைப் பிறகு சொல்கிறேன்.

நிரஞ்சலா என்ன வேலை செய்தார் என்று கேட்டால், கொம்பியூட்டர் என்று ஒரு சொல்லில் முடித்துவிடுகிறோம். இன்றைக்குக் கடைக்காரரும் கோயிலும் தேவாலயமும் ஆயத்தக் கருவிகளை வைத்துத் தாங்களே இணையத்தளம் கட்டிக்கொள்கிறார்கள். படம் போட வேண்டுமா, படிவம் வேண்டுமா, கருத்து எழுத ஒரு பெட்டி வேண்டுமா, ஒவ்வொன்றுக்கும் பிளகின் என்று ஒரு சிறு மென்பொருளைக் கொழுவிவிட்டால் போதும். கொழுவுகிற நாளில் எல்லோரும் நிற்பார்கள். அதற்குப் பிறகு அதை யார் திரும்பிப் பார்க்கிறார்கள்? நிரஞ்சலா பார்த்தார். அந்தப் பிளகின்களில் உள்ள ஓட்டைகளைத் தேடிப் பிடித்து, செய்தவர்களுக்கு அறிவித்து, அவர்கள் அடைக்கும்வரை விடாமல் நிற்பதுதான் அவர் வேலை.

அவர் அதிகம் பிடித்த ஓட்டைக்கு கிராஸ்-சைட் ஸ்கிரிப்டிங் என்று பெயர். பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம், இந்த மண்டபத்தை வைத்தே சொல்கிறேன். சற்று முன் நிருஷா வெளிநாட்டிலிருந்து வந்த செய்திகளை வாசித்தார். அவற்றில் ஒன்றில், எல்லோரும் வீட்டுச் சாவியை வாசலில் வைத்துவிட்டுப் போங்கள் என்று எவனோ எழுதியிருந்தால் என்ன நடந்திருக்கும்? நிருஷா முகத்தைச் சுளித்துவிட்டு அடுத்ததை எடுத்திருப்பார். ஓட்டையுள்ள பெட்டிக்கு அந்தப் புத்தி இல்லை. யாரோ எழுதியதை அது எழுத்தாகக் காட்டாமல், வாசிக்க வருகிறவரின் பிரவுசருக்குக் கட்டளையாகக் கொடுத்துவிடும். ஒன்றியத்தின் பக்கம்தானே சொல்கிறது என்று பிரவுசரும் நம்பிச் செய்துவிடும்.

இனி நம்முடைய விளக்குகளுக்கு வருகிறேன். ஒன்றியத்தின் அஞ்சலிப் பக்கங்களில் சுடர் ஆடுகிற விளக்குகளைப் பார்த்திருப்பீர்கள். அவற்றை யார் தொடங்கியது என்று தெரியாது. கொம்பியூட்டருக்கு எழுதும் கட்டளையை கோட் என்கிறோமே, அதில் ஒரு துண்டு வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. அனுதாபம் எழுதி அதன் கீழே அந்தத் துண்டை ஒட்டினால் விளக்கு எரியும். மட்டக்களப்பில் இருக்கும் மாமியும் ஒட்டுகிறார், இங்கே இருக்கும் மருமகனும் ஒட்டுகிறார். அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் யார் ஒட்டிய கோட்டும் அங்கே ஓடுகிறது என்பதால்தானே அது எரிகிறது? விளக்கு எரிகிறவரை ஓட்டை திறந்திருக்கிறது என்று அர்த்தம். அதை முதலில் கண்டவர் நிரஞ்சலா. நண்பர் ஒருவரின் தந்தைக்கு அஞ்சலி எழுதப் போனவர், கண்ணைத் துடைத்துக்கொண்டு அதைக் கவனித்தார்.

பிளகின் செய்தவர்களுக்கு அன்றே அறிவித்தார். இது பிழையல்ல, வசதி என்று பதில் வந்தது. மறுபடி எழுதினார், தொலைபேசியில் பிடித்தார். பிரெஞ்சில் மரியாதையாகப் பேசி, "மெர்சி, மெர்சி" என்று நன்றி சொல்லி வைத்துவிட்டு என் பக்கம் திரும்புவார்.

"வீட்டக் கட்டித் தந்திட்டு, கதவுக்குப் பூட்டுப் போடுறது தங்கட வேலையில்லை எண்டு சொல்றாங்க அண்ணை."

உதயன், நீங்கள் அப்போது சொன்னது எனக்கு நினைவிருக்கிறது, கோபிக்க வேண்டாம். "பேஸ்புக்கில போட்டு நாறடிப்பம் தங்கச்சி" என்றீர்கள். நல்ல மனதோடுதான் சொன்னீர்கள். நிரஞ்சலா மறுத்தார்.

"சத்தம் போட்டா முதல்ல ஓடி வாறது கள்ளன்தான் அண்ணை. அடைச்சாப் பிறகு கதைப்பம்."

மாதக்கணக்கில் இழுத்து, கடைசியில் செய்தவர்களே பிழையை ஒப்புக்கொண்டு ஓட்டையை அடைத்த புதிய பதிப்பை வெளியிட்டார்கள். அதைப் போடுவது ஒரு சின்ன வேலை. நம் தளத்தில் ஏன் போடவில்லை? போட்டால் விளக்குகள் அணைந்துவிடும். அந்த நேரம் காலமான பஸ்தியாம்பிள்ளை ஐயாவின் அஞ்சலிப் பக்கம் ஓடிக்கொண்டிருந்தது. முப்பத்தோராம் நாள் நினைவுக்கு முன் விளக்கை அணைப்பதா என்று செயற்குழு தயங்கியது. முடியட்டும் என்றார்கள். அது முடிவதற்குள் இன்னொருவர் போய்ச் சேர்ந்தார். அவருடையதும் முடியட்டும் என்றார்கள். உறவுகளே, நம்மைப் போன்ற ஒரு சமூகத்தில் யாருடையதோ முப்பத்தோராம் நாள் எப்போதும் பாக்கி இருக்கும். அது முடிந்தபிறகு என்றால் ஒருபோதும் இல்லை என்றுதானே பொருள்?

பஸ்தியாம்பிள்ளை ஐயாவின் பக்கத்திலேயே அது நடந்தது. விளக்கென்ற பெயரில் எவனோ வேறொன்றை ஒட்டிவிட்டான். பக்கத்தைத் திறந்தவர்களிடம் பேஸ்புக் கடவுச்சொல் கேட்டு ஒரு பெட்டி வந்தது. ஐயாவின் மனைவி மரியம்மாவின் தங்கை மட்டக்களப்பில் இருக்கிறார். அத்தானின் படத்தைப் பார்க்கிற அவசரத்தில் அவர் அதை எழுதிக் கொடுத்துவிட்டார். அவர் பெயரில் யார் யாருக்கோ செய்திகள் போயின. அந்தக் கணக்கில் இருந்த குடும்பப் படங்கள் இன்றுவரை திரும்பவில்லை.

நிரஞ்சலா கோட்-டெ-நெய்ஜ் பகுதியில் இருக்கும் மரியம்மாவைப் பார்க்கப் போனார். நானும் கூடப் போனேன். மரியம்மா ஆஸ்பத்திரி வேலை முடிந்து வந்து உடுப்புக்கூட மாற்றவில்லை. விளக்குகளை எடுக்கலாமா என்று எப்படிக் கேட்பது என்று எனக்குத் தெரியவில்லை. நிரஞ்சலா சுற்றி வளைக்கவில்லை, நேரே கேட்டார். மரியம்மா சொன்னார்.

"எடுத்திருங்க மகள். அந்த மனிசன் லைட்ட எரியவிட்டிட்டுப் படுத்த ஆளா? ஹைட்ரோ கரண்ட் பில்லுக்கு என்னோட சண்டை பிடிச்ச ஆள்."

மூவரும் சிரித்துவிட்டோம், பிறகு மரியம்மா அழுதார். அந்த ஒரு பக்கத்தின் விளக்குகளை நிரஞ்சலா கையால் எடுத்தார். ஆனால் தளம் முழுவதற்கும் புதிய பதிப்பைப் போடச் செயற்குழுவின் சம்மதம் வேண்டும். பொதுக்கூட்டத்தில் எழுந்து நின்று அதைக் கேட்டார். இப்போது ஒரு பக்கம் ஓடுகிறது, பொறுங்கள் என்று மறுபடி பதில் வந்தது. அன்று அவர் சொன்னதை இந்த மண்டபத்தில் பலர் கேட்டிருப்பீர்கள்.

"செத்தவங்களுக்கு இதால ஒண்டும் நடக்காது. அழுதுகொண்டு வாறவங்களுக்குத்தான் நடக்கும். அழுகிற ஆள் எதையும் பார்த்தா அமத்துறது?"

இதைவிட யார் தெளிவாகச் சொல்ல முடியும்? துக்கத்தில் இருப்பவரின் கை திரையில் வருகிற எந்தப் பொத்தானையும் அமத்தும். அந்தக் கைகளுக்காகத்தான் அவர் நம்மோடு மல்லுக்கட்டினார்.

இன்று காலை அவருடைய பக்கத்தைப் பாதுகாப்பாகத் திறந்து பார்த்தேன். நூற்றுக்கணக்கில் விளக்குகள். நடுவில் ஒரு பெயர், நம்மில் எவருக்கும் தெரியாத பெயர். அனுதாபமாக இரண்டு சொல் எழுதியிருக்கிறான். அதன் கீழே ஒட்டியிருப்பது விளக்கு அல்ல. நான் பேசிக்கொண்டிருக்கும் இந்த நேரத்திலும் அது அங்கே இருக்கிறது. எனக்கு இங்கே இருப்புக் கொள்ளாததற்குக் காரணம் அதுதான். உதயனை அழைத்தேன். முப்பத்தோராம் நாள் வரை விடுவோம், அல்பேட்டின் மனம் நோகும் என்றார். அல்பேட்டை யாராவது கேட்டீர்களா? ஒருவரும் கேட்கவில்லை.

அதனால் நான் கேட்டேன். கூட்டம் தொடங்குவதற்கு முன், குளிருக்குப் போடும் கோட்டுகளைக் கொழுவுகிற அந்த ஒடுக்கமான இடத்தில் வைத்துக் கேட்டேன்.

"விளக்குப் போனாப் பரவால்ல அண்ணை. அவவப் பத்தி எழுதினதெல்லாம் போயிருமா? நான் அதத்தான் திருப்பித் திருப்பி வாசிக்கிறன்."

போகாது என்றேன். எழுத்து எழுத்தாக இருக்கும், கோட் மட்டும் போகும் என்றேன்.

"இதத்தான் அவ கேட்டுக்கொண்டு திரிஞ்சவ?"

ஓம் என்றேன். அல்பேட் என்னைப் பார்த்த பார்வையை நான் மறக்க மாட்டேன்.

"அப்ப ஏன் இன்னும் நிக்கிறீங்க?"

உறவுகளே, அதே கேள்வியை உங்களிடம் கொண்டு வந்திருக்கிறேன். உங்களில் யாரிடமாவது பதில் இருக்கிறதா? உதயன் அவர்களே, செயற்குழு முழுவதும் இந்த மேடையில்தான் இருக்கிறது. இதைவிட வேறு எந்தக் கூட்டத்தில் முடிவெடுக்கப் போகிறோம்? தலைவர் தலையாட்டுகிறார். நன்றி உதயன். இந்தத் தலையாட்டலுக்காக நிரஞ்சலா எத்தனை நாள் காத்திருந்தார் என்பது உங்களுக்கும் தெரியும்.

நிரஞ்சலாவோடு வேலை செய்த நாங்கள் அவர் பெயரால் ஒரு வாக்குக் கொடுக்கிறோம். ஒன்றியத்தின் தளமும், கோயில், தேவாலயம், கடை என்று கேட்டு வருகிற எல்லோருடைய தளங்களும் இனி எங்கள் பொறுப்பு. ஓட்டையை அடைக்கிற பதிப்பு வந்தால் வந்த அன்றே போடுவோம். யாருடைய முப்பத்தோராம் நாள் என்று கேட்க மாட்டோம். எனக்கு முப்பத்தோராம் நாள் வரும்போதும் கேட்காதீர்கள்.

நிருஷா, லப்டொப் முன்னால்தான் இருக்கிறது. புதிய பதிப்பைப் போடுங்கள். நாம் எல்லோரும் பேசாமல் இருப்போம்.

முடிந்தது என்கிறார் நிருஷா. இனி யாரும் திறக்கலாம், யாரும் எழுதலாம். அல்பேட், நீங்கள் முதலில் திறவுங்கள். அவரைப் பற்றி எழுதிய ஓர் எழுத்தும் போகவில்லை.