அக்கினி மூலையில் ஹீற்றர்

இறங்கும் இடம் தவறிவிடுமோ என்ற பயத்தில் கோட்-டெ-நெய்ஜ் தெருவால் போகும் பஸ்ஸில் கதவோரமாகவே நின்றேன். பக்கத்து இருக்கையில் சிவப்புத் தொப்பி போட்ட ஒருவர் கண்ணாடி போட்ட தன் கூட்டாளியிடம் சொன்னார்:

"மச்சான், எங்கட வீட்டிலை குளியலறை மட்டும்தான் சூடு."

"ஏன், ஹீற்றர் பூட்டேல்லையோ?" என்றார் கண்ணாடிக்காரர்.

"பூட்டினது. ஒண்டுதான் தருவன், எங்கை வேணுமெண்டு வீட்டுக்காரன் கேட்டான். மனிசி ஊரிலையிருந்து கடிதத்திலை எழுதினவ, நெருப்பு அக்கினி மூலையிலைதான் இருக்கவேணுமாம். தென்கிழக்கிலை குளியலறைதான் வந்தது."

"அப்ப படுக்கிறது?"

"ரெண்டு கோட்டுப் போட்டுக்கொண்டு. ஞாயிற்றுக்கிழமை அவ கைக்குழந்தையோடை வந்து இறங்கிறா. அதுதான் யோசனை."

"கிழக்கை எப்பிடிப் பாத்தனீ?"

"றோட்டுப் பலகையிலை பிரெஞ்சிலை கிழக்கெண்டு போட்டிருக்கே, அந்தப் பக்கம்."

கண்ணாடிக்காரர் சிரித்த சிரிப்பில் ஓட்டுநரும் திரும்பிப் பார்த்தார்.

"இந்த ஊர்ப் பலகையிலை இருக்கிற கிழக்கு வேறை, சூரியன் வாற கிழக்கு வேறை! இவங்கள் ஆறு ஓடுற பக்கத்தை வச்செல்லோ திசை போட்டிருக்கிறாங்கள். விடிய வேலைக்குப் போகேக்கை நான் பாக்கிறனான். நீ நெருப்பைக் கொண்டுபோய் ஈசான மூலையிலை, தண்ணிக்குரிய இடத்திலை வச்சிருக்கிறாய். உன்ர படுக்கையறைதான் உண்மையான அக்கினி மூலை."

எனக்கும் என் வீட்டு ஹீற்றரைப் பற்றிக் கவலை பிடித்துக்கொண்டது.

"அப்ப வீட்டுக்காரன்ர காலிலை விழுந்தெண்டாலும் நாளைக்கே மாத்திறன்!"

"மாத்து. மனிசிக்கும் உள்ளதைச் சொல்லு. பிழை உன்னிலை இல்லை, இந்த ஊரிலை எண்டு."

சிவப்புத் தொப்பிக்காரரின் முகம் மறுபடி வாடிப்போனது.

"சொன்னா, கிழக்குக்கூடப் பிழையான ஊருக்கோ என்னையும் பிள்ளையையும் கூப்பிட்டனீங்கள் எண்டு கேப்பா, மச்சான்."