எம்.பி.யைக் கிழித்த கதை

டோர்செட் பார்க் பக்கம் போகும் பஸ்ஸில் எனக்கு முன் இருக்கையில் வயதான இரண்டு பேர் பேசிக்கொண்டிருந்தார்கள்.

“எங்கட எம்.பி.யை நேற்று அவற்ர ஒஃபிசிலயே வைச்சுக் கிழிச்சுப்போட்டன்,” என்றார் தொப்பி போட்டவர்.

“ஏன் அண்ணை?”

“நாடே கடனிலை கிடக்கு. இன்னும் கடன் வாங்கிற பட்ஜெட்டுக்கு எப்பிடி ஓம் எண்டு வாக்குப் போடுவீர் எண்டு கேட்டன்.”

“அவர் என்ன சொன்னவர்?”

“‘ஐயா சொன்னால் எதிர்த்துப் போடுறன். ஆனால் வயசான ஆக்களுக்குப் பல்லுக்கட்டக் குடுக்கிற காசும் உந்தப் பட்ஜெட்டுக்குள்ளதான்’ எண்டார்.”

மற்றவர் தன் பக்கம் திரும்பியிருந்த தொப்பிக்காரரின் வாயைப் பார்த்தார். முன்பற்களைக் காணவில்லை.

“பிறகு?”

“‘இந்தமுறை ஓம் எண்டே போடும், தம்பி’ எண்டிட்டு வந்திட்டன்.”

“அப்ப நாட்டின்ர கடன்?”

“பல்லில்லாமல் கத்தினால் காத்துத்தான் வருது. கட்டினாப் பிறகு போய் வடிவாக் கேப்பம்.”