மேல் வரிசைக் கற்கள்

என் கையெழுத்து அழகாக இருக்கும் என்று பாலிடெக்னிக்கில் எல்லோரும் சொல்வார்கள். அதனால் இந்த வாக்குமூலத்தை நானே எழுதித் தருகிறேன், பொறியாளர் ஐயா. உங்கள் எழுத்தருக்கு வேலை மிச்சம்.

அதியமான்கோட்டையில் போன வருடம் நான் கட்டிய மண்கல் அறையை இடிக்கச் சொல்லி நீங்கள் ஒட்டிய உத்தரவைப் படித்தேன். 1986இல் ஏரியூரில் இடிந்து விழுந்த அறையும் இதுவும் ஒரே வடிவமைப்பு என்றும், அந்த வடிவமைப்பே பிழை என்றும் எழுதியிருக்கிறீர்கள். ஒரே வடிவமைப்பு என்பது சரி. பிழை என்பது தவறு. அதை விளக்கத்தான் மெட்ராஸிலிருந்து பஸ் ஏறி வந்தேன்.

அதை யோசித்தவன் என் நண்பன் நசீருதீன். பென்னாகரத்தில் தகர வேலை செய்யும் காசிம் பாயின் மகன். அந்த வருடம் மாணவர்களுக்கு ஒரு போட்டி வைத்தார்கள். உள்ளூர் மண்ணைக் கொண்டு, மரம் வெட்டாமல், சூளைக்கு விறகு எரிக்காமல், வெயில் தாங்கும் ஓர் அறையை வரைய வேண்டும். தேர்வானால் கட்டியும் காட்ட வேண்டும். ஜெயிப்பவனுக்கு மெட்ராஸில் கட்டடக் கலை படிக்க இடம். செம்மண்ணில் கொஞ்சம் சிமெண்ட் கலந்து அச்சில் அழுத்திய, சுடாத கற்களால் சுவர். அதே கற்களால் வளைவுக் கூரை. ஒரு துண்டு கம்பி கிடையாது. அவன் யோசித்தான், நான் வரைந்தேன். பதினொரு தாள்கள். முதல் சுற்றில் நடுவர் ஒருவர் வரைபடத்தைப் பாராட்டியபோது நசீர் என்னை முன்னால் இழுத்து நிறுத்தினான்.

“கோடு காளியப்பன் போட்டது சார். வூடு நான் போட்டது.”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவன் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை; அவனுக்குக் கெட்ட எண்ணமே கிடையாது. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. கெட்டவனாக இருந்திருந்தால் நாலு வார்த்தை திட்டிவிட்டு ஆறியிருப்பேன்.

ஏரியூர் பால்வாடிக் குழந்தைகளுக்காக அறையைக் கட்டுவதென்று முடிவானது. அச்சடித்த கற்களை வைக்கோல் போட்டு மூடி மூன்று வாரம் ஈரம் காயாமல் வைத்திருக்க வேண்டும். முதல் வாரத்தில் காய்ந்துவிட்டால் பிறகு எத்தனை குடம் ஊற்றினாலும் கல் பிடிக்காது. பார்வைக்கு மட்டும் கல்லாக இருக்கும். அச்சடித்து முடித்த மறுநாளே நசீர் தன் அக்கா ஜுபைதாவின் கல்யாணத்துக்குப் போக வேண்டியிருந்தது. பத்து நாள் தண்ணீர் விடும் பொறுப்பை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனான்.

நான் விடவில்லை. கிணறு பக்கத்தில்தான் இருந்தது. கூலிக்கு வந்த செல்லம்மாள் கேட்கவும் செய்தாள். இது புது முறை என்றேன். படித்தவன் சொன்னால் நம்பிவிடுகிறார்கள்.

மேல் வரிசையில் பன்னிரண்டு கற்களுக்கு மட்டும் காலையும் மாலையும் ஒழுங்காகத் தண்ணீர் விட்டேன். சோதனைக்குக் கல் எடுப்பவன் யாரும் அடியிலிருந்து உருவுவதில்லை. நசீரும் மேலிருந்துதான் எடுத்தான். இடுப்பு உயரத்திலிருந்து போட்டுப் பார்த்தான், தொட்டியில் ஊறவைத்துப் பார்த்தான். உடையவில்லை, கரையவில்லை. நீ இல்லாவிட்டால் என்ன செய்திருப்பேன் என்று என் தோளைத் தட்டினான். பாலுக்கும் காவல், பூனைக்கும் தோழன் என்பார்கள். நான் அப்படி இரண்டு பக்கமும் நின்றவன் அல்ல. ஒரே பக்கம்தான் நின்றேன்.

கூரைக்கு முட்டுக் கொடுத்த பலகைகளைப் பிரித்த அன்று நசீரின் தாயார் ஜான் பீ பென்னாகரத்திலிருந்து சேமியா பாயசம் எடுத்துக்கொண்டு வந்திருந்தார். அந்தக் கையால் நான் எத்தனையோ நாள் சாப்பிட்டிருக்கிறேன். சாயங்காலம் வரை யாரையும் உள்ளே விடாதே என்று என்னை வாசலில் நிறுத்திவிட்டு நசீர் கைகால் கழுவக் கிணற்றுக்குப் போனான். சுவரின் அடியில் மாவு சலித்தது போல் பொடி உதிர்ந்துகொண்டிருந்ததை நான் பார்த்தேன். அந்த அம்மாள் வெயிலில் நின்றார்.

“உள்ள போலாமா தம்பி?”

“போங்கம்மா. உள்ள நெழலா இருக்குதுங்க.”

பெரியவர்களை வெயிலில் நிறுத்துவது எனக்குப் பழக்கமில்லை. அவர் தலையில் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, வலது காலை எடுத்து வைத்துப் போனார்.

மறுநாள் முதல் இருபத்தாறு குழந்தைகள் அங்கே உட்காருவதாக இருந்தது. அதற்கு முன்பே விழுந்ததில் எனக்கு உண்மையிலேயே நிம்மதி. என்னைக் கல்நெஞ்சக்காரன் என்று யாரும் சொல்ல முடியாது. கற்களை அகற்றியபோது நசீரின் கூடவே நானும் கை வைத்தேன். நகம் இரண்டு பெயர்ந்தது.

அடுத்த வருடம் அதே வடிவமைப்பை என் பெயரில் கொடுத்தேன். நசீரின் பிழையைத் திருத்திவிட்டேன் என்று நடுவர்களிடம் சொன்னேன். வாசலை வடக்கிலிருந்து கிழக்குக்கு மாற்றியிருந்தேன். அவர்களுக்கு அது போதுமானதாக இருந்தது. இந்த முறை இருபத்தொரு நாளும் நானே தண்ணீர் சுமந்தேன். முதல் பரிசு.

நசீர் படிப்பை விட்டுவிட்டு அப்பாவின் கடையில் தகரம் வெட்டுகிறான். வெட்டிய தகரத்தின் மேல் ஆணியால் கூரையின் கணக்கைக் கீறிக் கீறிப் பார்க்கிறான். போன மாதம் என் கையைப் பிடித்துக்கொண்டான். “எங்கம்மாவ நானே கொன்னுட்டேன்டா. எங்க தப்புப் பண்ணேன், நீயாவது சொல்லு” என்றான். மறுபடி போட்டுப் பார் என்றேன். நான் பொய் சொல்லவில்லை.

ஆகவே ஐயா, கணக்கு சரி, கூரை சரி. கற்களைக் கெடுத்தது நான். ஜான் பீயை உள்ளே அனுப்பியதும் நான், தெரிந்தே அனுப்பினேன். அதற்கு என்ன தண்டனையோ கொடுங்கள், அதியமான்கோட்டை அறையை மட்டும் இடிக்காதீர்கள். வாசலுக்கு மேலே பளிங்கில் என் பெயர் இருக்கிறது. நசீரின் பெயரையும் அதில் சேர்க்க வேண்டாமா என்று நீங்கள் கேட்கலாம். நானும் யோசித்தேன். நியாயமாகப் படவில்லை. அவன் கட்டியது விழுந்துவிட்டதே.