விலைபோகாத மாப்பிள்ளை

"தாத்தா, எங்கப்பாவுக்கு நீங்க எவ்வளவு மார்க் போடுவீங்க?" என்று பேத்தி ஒருநாள் கேட்டாள். கால்பந்து ஆட்டக்காரர்களுக்கு மதிப்புப் போடும் என் வேலையை, பரீட்சைத்தாள் திருத்துவதுபோல் அவள் புரிந்துகொண்டிருந்தாள். அதில் பெரிய தவறும் இல்லை.

உங்களுக்குப் புரிவதற்காக வேலையைச் சொல்லிவிடுகிறேன். ஒப்பந்தம் முடிந்து எந்தக் கிளப்பிலும் இல்லாமல் நிற்பவரை எடுத்துக்கொள்ள, பழைய கிளப்புக்கு ஒன்றும் கொடுக்க வேண்டியதில்லை. சம்பளம் மட்டும்தான். அதனால் கிளப்புகள் எங்களிடம் கேட்பது ஒன்றே: இவர் இனிமேல் எவ்வளவு நேரம் களத்தில் நிற்பார்? வயது, ஆடிய ஆட்டங்கள், பட்ட காயங்கள் எல்லாவற்றையும் உள்ளே போட்டால் கணினி ஓர் எண்ணைச் சொல்லும். காயம் ஒருமுறை பட்டிருந்தால் பரவாயில்லை. அதே இடத்தில் மறுபடியும் என்றால் எண் படுத்துவிடும்.

என் மருமகனும் அப்படி நின்றவர்தான். முழங்காலில் அறுவைச் சிகிச்சை செய்து, நன்றாகத் தேறி, மகளோடும் குழந்தையோடும் என் வீட்டுக்கு வந்தார். மனைவி போன பிறகு நான் ஒரே ஒரு தட்டைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்த வீடு அது. அவர்கள் வந்ததும் படியெல்லாம் சின்னச் செருப்புகள். காலைப் பிரார்த்தனையில் நன்றி சொல்ல எனக்கு மறுபடியும் ஏதோ இருந்தது.

பிறகு மூன்று கிளப்புகள் எங்களிடம் அவரைப் பற்றி விசாரித்தன. மூன்றும் விமானம் ஏறிப் போகிற தொலைவு.

அந்த வாரம் ஒரு காலையில் அவர் தாங்கித் தாங்கிப் படியிறங்கினார். "பாப்பா கால்மேலயே தூங்கிட்டா மாமா, மரத்துப்போச்சு" என்று சிரித்தார். அலுவலகம் போனதும் அவர் விவரத்தில் ஒரு வரி சேர்த்தேன்: அதே முழங்கால், மறுபடியும் தொந்தரவு. நான் பொய் எழுதவில்லை. தாங்கி நடந்ததைக் கண்ணால் பார்த்தேன். உறவினரின் விவரத்தைத் தொடக் கூடாது என்று விதி உண்டு. அவர் எனக்கு உறவா என்று யாரும் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை.

மூன்று கிளப்புகளும் பின்வாங்கின.

"கையெழுத்துப் போட வான்னு சொல்லிட்டு, கடைசியில கையை விரிக்கிறாங்க மாமா. எங்கிட்ட என்ன குறை?"

"உங்ககிட்ட என்ன மாப்பிள்ளை குறை? நேரம் கூடி வரல, அவ்வளவுதான்."

"ஊர்ல இருக்கிறவனுக்கெல்லாம் விலை போடுறாரு எங்கப்பா. வீட்டு மாப்பிள்ளை விலைபோகாம கிடக்காரு" என்று மகள் கேலி செய்தாள். அப்போது அவர் சிரித்தார். அடுத்த ஆண்டும் கிளப்புகள் கையை விரித்தபோது யாரும் கேலி செய்யவில்லை.

நான் அவருக்கு ஒரு குறையும் வைக்கவில்லை. காற்றோட்டமான அறையை அவருக்கே கொடுத்தேன். ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி தெருவையே பார்த்துக்கொண்டிருப்பார். ஜெயிலில் நிற்பதுபோல் நிற்கிறார் என்றாள் மகள். நல்ல ஜன்னல் அது.

காரணம் முழங்கால்தான் என்று ஓர் ஏஜென்ட் அவரிடம் சொல்லிவிட்டார். யார் அப்படி எழுதியது என்று ஏஜென்டுக்கும் தெரியாது. "கால் நல்லாத்தான் இருக்குன்னு காட்டுறேன் மாமா" என்று முதுகில் மணல்மூட்டையைக் கட்டிக்கொண்டு மைதானப் படிகளில் ஏறி ஓட ஆரம்பித்தார். தேறிய முழங்கால் எவ்வளவு தாங்கும் என்பதும் என் தொழிலில் அடக்கம். அவர் அளவைத் தாண்டிவிட்டார் என்று தெரிந்தது. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். கால் நன்றாகத்தான் இருக்கிறது, யாருக்கும் நிரூபிக்க வேண்டாம் என்று சொன்னால், அது எனக்கு எப்படித் தெரியும் என்பதையும் சொல்ல வேண்டியிருக்கும். கட்டு மட்டும் நானே போட்டுவிட்டேன், வலிக்காமல், பதமாக.

ஒரு கிளப் வைத்த தேர்வு ஆட்டத்தில், பக்கத்தில் யாருமே இல்லாதபோது அவர் விழுந்தார். முறிந்த சத்தம் தன் இருக்கைவரை கேட்டது என்றாள் மகள். ஊன்றுகோல் இல்லாமல் நடந்தாலே பெரிது என்றார் மருத்துவர்.

அலுவலகத்தில் மேலாளர் என் மேசைக்கே வந்து, "நீங்க போட்ட கணக்கு அப்படியே பலிச்சுடுச்சே சார், எப்படி?" என்றார்.

"பக்கத்துல இருந்து பார்க்கணும் சார்" என்றேன்.

ஆனாலும் அவருக்கு ஒரு கடன் பட்டிருந்தேன். எல்லோரும் சாப்பிடப் போயிருந்த ஒரு மதியம் அந்த வரியை அழித்தேன். கணினி கொஞ்சம் யோசித்து அவருடைய சரியான மதிப்பைக் காட்டியது. நான் நினைத்திருந்ததைவிட அதிகம். பெருமையாக இருந்தது. வலது கை கொடுப்பது இடது கைக்குத் தெரியக் கூடாது என்பார்கள், யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை.

அன்று மாலை வீட்டுக்கு வந்தபோது, என்னைக் கண்டதும் மரியாதைக்காக அவர் எழுந்திருக்கப் பார்த்தார். தோளை மெல்ல அழுத்தி உட்காரவைத்தேன்.

"உக்காருங்க மாப்பிள்ளை. இனிமே எங்க போகப்போறீங்க?"