முனிசாமி குடித்த விஸ்கி

காபி வேண்டாம் இன்ஸ்பெக்டர் ஐயா, வெந்நீர் போதும். துணியில் வடிகட்டித் தந்தால் இன்னும் நல்லது. தண்ணீரில் கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் இருக்கும். நாங்கள் ஜைனர்கள், அந்தப் பாவம் எங்களுக்கு ஆகாது.

என் பெயர் மல்லிநாதன். பிள்ளையார்பாளையத்தில் பட்டுநூலுக்குச் சாயம் போடும் பட்டறை வைத்திருக்கிறேன். மதுவிலக்குள்ள ராஜ்யத்தில் விஸ்கி காய்ச்ச அதைவிட வசதியான இடம் கிடையாது. செப்புக் கொப்பரை இருக்கிறது, அடுப்பு அணைவதில்லை, நாற்றம் வந்தால் சாயத்தின் மேல் பழியைப் போட்டுவிடலாம். தயவுசெய்து கள்ளச்சாராயம் என்று எழுதாதீர்கள். பார்லியை முளைகட்டி, உலர்த்தி, இரண்டு தடவை வடித்து, மதராஸ் துறைமுக ஏலத்தில் எடுத்த ஓக் பீப்பாயில் ஊற வைத்தேன். அறுபத்தெட்டாம் வருஷம் தை மாதம் நிரப்பியது, மூன்று வருஷம் ஊற வேண்டும். கோயில் காரியங்களைப் பார்க்கும் பெரிய மனிதர் ஒருவர் இப்போதே இரண்டு பாட்டில் சொல்லி வைத்திருக்கிறார். சளிக்காம். நான் ஒரு சொட்டுகூடக் குடித்ததில்லை.

பீப்பாய் இருந்தது பட்டறைக்குப் பின்னால், தகரக் கூரை போட்ட அறையில். சித்திரை கடைசியில் குச்சி விட்டு அளந்தேன். இரண்டு விரற்கடை குறைந்திருந்தது. ஒழுகல் இல்லை. சாவி இரண்டு பேரிடம்தான்: என்னிடம் ஒன்று, கொப்பரை கிண்டும் முனிசாமியிடம் ஒன்று. மீதியை நீங்களே சொல்லுங்கள்.

"இன்னா நயினாரே, பத்து வருசமா உங்கக்கிட்ட வேலை செஞ்சிக்கினு இருக்கேன். அந்த வாசனையே எனக்கு ஆவாது" என்றான் முனிசாமி. ஒரு டம்ளர் ஊற்றிக் குடிக்கச் சொன்னேன். வாந்தி எடுத்தான். நன்றாகப் பழகியவனால்தான் அப்படி நடிக்க முடியும்.

அடிப்பது எனக்குப் பிடிக்காது, அது ஹிம்சை. அந்த அறையிலேயே உட்கார்ந்து யோசிக்கச் சொல்லி வெளியே பூட்டினேன். கத்திரி வெயில். கருட சேவைக்காகப் பட்டறைக்கு மூன்று நாள் லீவு விட்டிருந்தேன், ஊரே பெருமாள் பின்னால் போயிருந்தது. தண்ணீர் வைக்கவில்லை. வைத்தால் சோதனை கெட்டுவிடும். தாகம் எடுத்தால் பீப்பாயைத் திறப்பான், உண்மை தெரிந்துவிடும். விளக்கு வைத்தபின் நாங்கள் சாப்பிடுவதில்லை. அவனையும் அந்தப் பாவத்தில் மாட்டிவிட வேண்டாமென்று ராத்திரிச் சாப்பாடு அனுப்பவில்லை. பகல் சாப்பாடு மறந்துபோயிற்று.

இரண்டு நாள் தட்டிக்கொண்டிருந்தான்.

"நாக்கு ஒட்டிக்கினு வருதுபா நயினாரே, ஒரு வாய் தண்ணி குடுங்க."

"குடித்தேன் என்று சொல், திறக்கிறேன்."

"குடிக்காதத எப்பிடிபா குடிச்சேன்னு சொல்றது?"

எவ்வளவு பிடிவாதம் பாருங்கள்.

மூன்றாம் நாள் திறந்தபோது கதவோரம் செத்துக் கிடந்தான். முதலில் குச்சியை எடுத்து அளந்தேன். இன்னும் ஒரு நூல், அதாவது அரைக்கால் அங்குலம், குறைந்திருந்தது. குடித்துத்தான் இருக்கிறான். மனசு லேசாயிற்று. சாயக் கழிவுக் குழிக்குப் பக்கத்தில் புதைத்தேன். தோண்டுவதற்கு முன் அங்கே ஊர்ந்த எறும்புகளைத் துணியால் மெதுவாக ஒதுக்கிவிட்டேன்.

வைகாசி முடிவில் அளந்தால் மறுபடி ஒரு விரற்கடை இல்லை. அவன் பெண்டாட்டி அலமு தினமும் வந்து நிற்பாள். "எங்க வூட்டுக்காரு எங்க நயினாரே? உங்கக்கிட்ட சொல்லாம எங்கியும் போவ மாட்டாரே" என்பாள். தினமும் வருகிறவள் மேல் சந்தேகம் வராதா? புருஷன் சாவிக்கு மறுசாவி போட்டு வைத்திருப்பாள். அவளையும் உள்ளே உட்கார வைத்தேன். அவள் கெஞ்சவில்லை. குழி தோண்டிவிட்டு நான் மூலையில் போட்டிருந்த கடப்பாறையால் கூரைத் தகரத்தைப் பெயர்த்துக்கொண்டு கத்தினாள். தெரு கூடிவிட்டது, நீங்கள் வந்தீர்கள்.

வெயில் ஊரில் மரப்பீப்பாய் மூச்சு விடும், சரக்கு தானாக ஆவியாகிப் போகும் என்று நீங்கள் கூட்டி வந்த காலேஜ் வாத்தியார் கோதண்டபாணி சொல்கிறார். படித்தவர், ஏதாவது சொல்ல வேண்டுமே. அவர் சொல்வது சரியென்றால் முனிசாமி ஒன்றுமில்லாததற்குச் செத்தான் என்றாகிவிடும். நான் அப்படிப்பட்ட ஆள் இல்லை.

பூட்டியது நான். தண்ணீர் மறுத்தது நான். புதைத்தது நான். எங்கே கையெழுத்து என்று காட்டுங்கள். அவன் திருடன் என்பதையும் மறக்காமல் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. பீப்பாய் நாலு நாளாக உங்கள் ஸ்டேஷன் பின்னறையில் இருக்கிறது. காலையில் என்னை அடையாளம் காட்டக் கூட்டிப் போனபோது குச்சி விட்டுப் பார்த்தேன். ஒரு நூல் குறைகிறது. ஏட்டு அப்பாதுரையைக் கொஞ்சம் கவனியுங்கள் ஐயா.