பதினோராம் இடம்

தேடிக் கிடைத்ததில் இரண்டாம் பக்கத்தை யாரும் படிப்பதில்லை. நீயும் படித்திருக்க மாட்டாய்.

மாமாவின் வேலை உனக்குத் தெரியும். ஊர் உலகம் கணினியில் எதையாவது தேடுகிறது. வந்து விழும் பக்கங்கள் கேள்விக்குப் பொருத்தமா, நம்பத்தக்க தரமா என்று பார்த்து மதிப்பெண் போடுகிறேன். இன்னொருவரும் போடுவார். ஒத்துப்போகாவிட்டால் இருவரும் எழுதி வாதாட வேண்டும். ஒன்பது வருடத்தில் நான் விட்டுக்கொடுத்ததே இல்லை. "உன்கிட்ட மார்க் வாங்கறதுக்குள்ள எழுதினவனுக்கு நரை விழுந்துடும்டா" என்று உன் அம்மா கேலி செய்வாள்.

உன் அப்பா ஆஸ்பத்திரிக்குப் போய்த் திரும்பாத நாளிலிருந்து அக்காவுக்கு டாக்டர் என்றாலே ஆகாது. தலைவலியோ முட்டிவலியோ, முதலில் என் மேசைக்குத்தான் வரும். நான் தேடி, முதல் பத்து முடிவுகளை வாசிப்பேன். ஒவ்வொன்றுக்கும் சண்டை போடுவோம். கடைசியில் நான் போகச் சொன்னால் டாக்டரிடம் போவாள்.

போன வருடம் பயிற்சிப் பள்ளிக் காரை வாசல் கம்பத்தில் இரண்டு முறை உரசினாள். இருபது வருடம் ஊருக்கே கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவள். "நேரா இருக்கறது தெரியுதுடா. பக்கத்துல வர்றதுதான் தெரியல. ரோடே குறுகிட்ட மாதிரி இருக்கு. தேடிப் பாரு" என்றாள். உன்னிடம் சொல்ல வேண்டாம் என்றதும் அவள்தான்.

அதற்கு முந்தைய வாரம்தான், உன் ஊருக்கே வந்து சொந்தமாகப் பயிற்சிப் பள்ளி தொடங்கப் போவதாகச் சொல்லியிருந்தாள். சரி என்றேன். அக்கா இல்லாத வீட்டில் நான் ஒருநாளும் இருந்ததில்லை. காலையில் அவள் கார் சாவியைத் தேடி இழுப்பறைகளைத் திறக்கும் சத்தம் கேட்டால்தான் எனக்கு விடியும். அவள் போய்விடுவாளே என்று பயமாக இருந்தது.

"ஒரு தடவைகூட இந்தக் கண் நோயைப் பத்தின பக்கம் வரலியா மாமா?" என்று ஃபோனில் கேட்டாய். வந்தது. ஒவ்வொரு முறையும் முதலிடத்தில் வந்தது. கண்ணுக்குள் அழுத்தம் ஏறினால் பார்வை ஓரத்திலிருந்து தேயும், போனது திரும்பாது, உடனே மருந்து போட்டால் இருப்பதைக் காப்பாற்றலாம். கண் மருத்துவர் எழுதியது. வாசிக்கும் வரிசையில் அதைப் பதினோராம் இடத்துக்கு, இரண்டாம் பக்கத்துக்கு, இறக்கினேன். கண் சோர்வு, வயது, ஓய்வு என்றவற்றை மேலே ஏற்றி வாசித்தேன்.

வருடம் முழுக்க வேறு வேறு வார்த்தையில் கேட்டாள். ஒருநாள் கதவு நிலையில் இடித்து வீங்கிய நெற்றியோடு வந்து நின்றாள்.

"இது சோர்வு இல்லடா. எனக்குப் பயமா இருக்கு. நல்லாப் பாத்தியா?"

"பாத்துட்டேன்க்கா. மத்ததெல்லாம் தரம் கம்மி. மருந்து விக்கறவன் எழுதினது."

வாதாடினாள். பிறகு, "சரி, உனக்குத் தெரியாததா" என்று சுவரைத் தடவிக்கொண்டே உள்ளே போனாள்.

போன வாரம் நீ வந்து, அழுது அடம்பிடித்து அவளைக் கண் மருத்துவரிடம் கூட்டிப்போனாய். இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்றார். வேலியே பயிரை மேய்ந்தது என்று நீ நினைக்கலாம். கொஞ்சம் மங்கினால் போதும், கார் ஓட்ட முடியாமல் போனால் போதும் என்றுதான் நினைத்தேன். முழுதும் போய்விடும் என்றும் அந்தப் பக்கத்தில் எழுதியிருந்தது. அதையும் படித்தேன். ஆனால் எதையும் மறைக்கவில்லை, வரிசையைத்தான் மாற்றினேன்.

நேற்று சாயங்காலம் அக்கா கேட்டாள். "கண்ணு தெரியாதவங்க எப்படிடா காலம் தள்றாங்க? தேடிப் பாரு."

முதலில் வந்தது ஒரு பயிற்சி இல்லம். பார்வையிழந்தவர்கள் தனியாக நடக்க, சமைக்க, வேலை பார்க்கக் கற்றுத்தருகிறார்கள். உன் ஊரில்தான், உன் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி. தரத்தில் குறை சொல்ல முடியாத பக்கம். தம்பியோ தங்கையோ எந்நேரமும் கூடவே இருப்பதுதான் நல்லது என்று சொன்ன பத்துப் பக்கங்களை அவளுக்கு வாசித்துக் காட்டினேன். என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

அந்த இல்லத்தை நான் நீக்கிவிடவில்லை. இரண்டாம் பக்கத்தில் இருக்கிறது. அவள் கேட்டால் வாசிப்பேன்.